சண்டைப் படத்தில் சண்டையைப் பார்க்காதவர்களுக்கு

அன்புள்ள திரை விமர்சகர்களுக்கு,

வணக்கம். பத்திரிகையில் எழுதுகிறவர்கள், யூடியூபில் பேசுகிறவர்கள், படம் விட்டதும் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். உங்களுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். இங்கே பாலக்கோட்டிலிருந்து பார்க்கிற எனக்கு நீங்கள் ஒரே வரிசையாகத்தான் தெரிகிறீர்கள்.

போன மாதம் வந்த அந்த அடிதடிப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தியேட்டரை விட்டே போய்விட்ட படத்துக்கு இனி விளம்பரமும் தேவையில்லை, வசவும் தேவையில்லை.

நான் பகலில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் சிலம்பமும் கராத்தேவும் சொல்லிக்கொடுக்கிறேன். 23 பிள்ளைகள் வருகிறார்கள். படம் வந்த வாரம் பயல்கள் நச்சரித்துவிட்டார்கள். பெற்றோர்களிடம் கேட்டால், "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர், கூட்டிட்டுப் போலாம்னா கூட்டிட்டுப் போங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஏழு விமர்சனம் பார்த்தேன். நாலு வீடியோ, மூன்று எழுத்து.

ஏழிலும் "லாஜிக் இல்லை" வந்தது. ஐந்தில் "ரத்தக்களரி". நாலில் "பிஜிஎம் தெறி". ஒருவர் இரண்டாம் பாதி தொய்வு என்றார், இன்னொருவர் முதல் பாதிதான் தொய்வு என்றார். ஒருவர் "கிரிஞ்ச்" என்கிற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் ஓட்டினார், அந்தத் திறமைக்கு என் வணக்கம். மார்க் ஐந்துக்கு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரைக்கும் இருந்தது. இரண்டரை மணி நேரப் படம். அதில் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாமல் சண்டை. அந்தச் சண்டையைப் பற்றி ஏழு பேரும் சேர்ந்து சொன்னது இரண்டே வாக்கியம்: "சண்டைக் காட்சிகள் மிரட்டல்", "சண்டைக் காட்சிகள் ஓவர்". கல்யாணத்துக்குப் போய்வந்தவர் பந்தலையும் மைக்செட்டையும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டால் "இருந்துச்சு" என்பாரே, அந்த மாதிரி.

அந்த ஏழையும் நம்பி, சனிக்கிழமை பதினொரு பயல்களை பஸ் ஏற்றித் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை சாயங்காலம் வகுப்பு தொடங்குவதற்கு முன், பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் இன்னொருவன் சுண்டுவிரலைப் பிடித்து, படத்தில் பார்த்தபடியே, சிரித்துக்கொண்டே பின்பக்கமாக வளைத்துவிட்டான். எலும்பு தப்பித்தது, சவ்வுதான் கிழிந்தது. மூன்று வாரம் கட்டு.

பழியை உங்கள் மேல் போடவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் நான். ஆனால் அப்படி ஒரு காட்சி படத்தில் இருக்கிறது என்று ஏழு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே ஏன் என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படம் அசட்டுப் படம்தான். நாயகன் பால் சொசைட்டியில் கேன் தூக்குகிறவர். வில்லன் பாலில் கலப்படம் செய்கிறவர். தங்கை அதைக் கண்டுபிடிக்கிறாள், உடனே கடத்தப்படுகிறாள், தங்கைகளுக்கு சினிமாவில் வேறு வேலை இல்லை. ஒகேனக்கல் அருவிக்குப் பின்னால் ஒரு குகையாம், அதில் வெள்ளைப் புருவத்தோடு ஒரு குரு. மீன் குழம்புக்காகவே அடிக்கடி ஒகேனக்கல் போகிறவன் நான். அப்படி ஒரு குகையை நானும் பார்த்ததில்லை, பரிசல்காரர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். குரு, "கோபத்தைத் தண்ணீராக்கு" என்று உபதேசிக்கிறார். அடுத்த காட்சியில் நாயகன் ஒரு ஆளைத் தூக்கித் தண்ணீர் லாரி மேல் எறிகிறார். உபதேசம் அப்படிப் புரிந்திருக்கிறது.

நாற்பது அடியாட்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். முன்னே இருப்பவர் அடிவாங்கி முடிக்கிறவரை அடுத்தவர் கையை ஆட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருக்கிறார். இதைத்தான் நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு லாஜிக், லாஜிக் என்று அடித்தீர்கள். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் பாட்டுப் பாடி முடிக்கிறவரை பீமன் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். லாஜிக் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவி மண்டையில் ஒன்று வைப்பாள். வரிசையாக வருவது அந்த ஆட்டத்தின் விதி. பாட்டு வந்தால் எங்கிருந்து இத்தனை பேர் ஆட வந்தார்கள் என்று நீங்கள் கேட்பதில்லையே. சண்டைக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

சின்ன வயதில் தருமபுரியில் காலைக்காட்சிக்கு வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். ஹாங்காங் படங்களுக்கு இங்கிலீஷில் குரல் கொடுத்திருப்பார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். எங்களுக்கு இரண்டுமே புரியாது. ஆனாலும் கதை புரிந்தது. யார் குரு, யார் திமிர் பிடித்தவன், யார் பயந்தவன், யாருக்கு இப்போதுதான் தைரியம் வந்தது என்பதெல்லாம் நின்ற நிலையிலும் கை போன விதத்திலும் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்த ஒன்றுதான் ஷா பிரதர்ஸ் என்கிற ஹாங்காங் கம்பெனி 1978இல் எடுத்த ஷாவோலின் 36ஆம் அறைப் படம். அதன் பெயர் இதுதான் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பாதிப் படம் வெறும் பயிற்சி. கையில் கத்தியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் தூக்க வேண்டும், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். வீட்டுக்கு வந்து இரண்டு குடத்தை நிரப்பிக் கையை நீட்டித் தூக்கப் பார்த்தேன். கால் நிமிடம் தாங்கவில்லை, குடம் ஒன்று போய்விட்டது, அம்மாவிடம் உதை வாங்கினேன். அந்த உதையிலிருந்துதான் இந்த வாத்தியார் வேலை தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை எடுத்த லாவ் கார்லியுங் தானே குங்ஃபூ கற்ற வாத்தியார், முதலில் சண்டை அமைப்பாளர், அப்புறம்தான் இயக்குநர். அவர் படங்களில் சண்டைதான் வசனம். அதைக் கேட்காமல் கதை இல்லை என்று சொன்னால் பாட்டைக் கேட்காமல் இசை சரியில்லை என்று சொல்வதற்குச் சமம்.

இப்போது நம் அசட்டுப் படத்துக்கு வருகிறேன். இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் ஒரு சண்டை வருகிறதே, கட்டி முடிக்காத கட்டடத்தின் மாடிப்படியில். ஞாபகம் இருக்கிறதா? ஏழு பேரில் யாருக்கும் இருந்த மாதிரித் தெரியவில்லை. சாரத்திலிருந்து ஒரு மூங்கிலை உருவிக்கொள்கிறார் நாயகன். சிலம்பக் கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு, அந்த மூங்கில் அதைவிட ஒரு முழம் கூடுதல். படிக்கட்டோ இரண்டு பேர் ஒதுங்க முடியாத அகலம். சாதாரண சினிமாவாக இருந்தால் சுவரே இல்லாதது போல் கம்பைச் சுழற்றியிருப்பார்கள். இதில் அவர் ஒரு வீச்சுகூட வீசவில்லை. வீசினால் சுவரில் இடிக்கும். கம்பை நடுவில் பிடித்துக்கொண்டு, குத்து, தட்டு, மறுபடியும் குத்து. ஒரு இடத்தில் மறதியில் வீசப் போகிறார், கம்பின் நுனி சுவரில் மோதுகிறது, கை அதிர்கிறது, அந்த இடைவெளியில் தோளில் ஒரு அடி வாங்குகிறார். அதை யோசித்து வைத்தவர் கம்பு பிடித்த ஆள்தான், சந்தேகமே இல்லை.

அந்த நாலு நிமிடமும் கேமரா தள்ளி நிற்கிறது. தலை முதல் கால் வரை தெரிகிறது. இரண்டாம் தடவை தனியாகப் போய் எண்ணினேன்: ஒரே ஷாட்டில் பதினொரு அடி. இன்னொன்றை முதல் தடவையே கவனித்திருந்தேன். அடி எல்லாம் முழங்காலிலும் கணுக்காலிலும்தான் விழுகிறது, தலைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. இவன் கொல்ல விரும்பாதவன் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, பஸ்ஸில் வரும்போது பயல்களுக்கு அதைப் பெரிய பாடமாகவே நடத்தினேன். சண்டை முடிந்ததும் நாயகன் டம்ளரில் தண்ணீர் எடுக்கிறார், கை நடுங்கி டம்ளர் பல்லில் தட்டுகிறது. இந்த மாதிரி ஒரு நிமிடம் பெரிய பட்ஜெட் படங்களில் அபூர்வம்.

நீங்கள் "மிரட்டல்" என்று சொன்னது கிளைமாக்ஸை. அதில் ஒரு அடிக்கு மூன்று வெட்டு. யார் கால், யார் தலை என்று தெரிவதற்குள் படம் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுகிறது. சத்தம் மட்டும் இடி மாதிரி வருகிறது. இப்படி வெட்டுவது எப்போதும் ஸ்டைலுக்காக என்று நினைக்காதீர்கள். நடிகருக்கு அடவு வராதபோது மறைக்கவும் இதுதான் வழி. சினிமாவில் குத்து பெரும்பாலும் யார் மேலும் படாது. கேமராவின் கண்ணுக்கு நேர்கோட்டில் முஷ்டி முகத்தைத் தாண்டிப் போகும். அதே நொடியில் எதிராளி தலையைத் திருப்ப வேண்டும். கால் நொடி முந்தினாலும் பிந்தினாலும் பொய் தெரிந்துவிடும். ஆக, அந்தக் குத்தைக் குத்தாக ஆக்குகிறவர் வாங்குகிறவர்தான், கொடுக்கிறவர் இல்லை. மாடிப்படிச் சண்டையில் மொட்டைத்தலை ஆள் ஒருவர் முதுகால் ஆறு படி சறுக்கி விழுகிறாரே, அந்த விழுகையில் நாயகனின் பலம் தெரிகிறது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. டைட்டில் ஓடும்போது தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் நீங்கள் மட்டும் குற்றவாளி இல்லை. தேசிய திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கின. சண்டை அமைப்புக்கு என்று ஒரு விருது வந்தது 2017இல் அறிவித்த 64ஆவது விருதுகளில்தான். 'புலிமுருகன்' என்கிற மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயின் முதலில் வாங்கினார். ஆஸ்கரிலோ 2028இல் நடக்கப்போகிற நூறாவது விழாவிலிருந்துதான் சண்டை வடிவமைப்புக்கு விருது. நூறு வருடம் ஆகியிருக்கிறது, சண்டை போடுகிறவர்களும் சினிமாவில் வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. இதற்கு நடுவில் 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் கார் சண்டைக் காட்சி எடுக்கும்போது ஒரு சண்டைக் கலைஞர் உயிரையே விட்டார். இப்படி உடம்பைப் பணயம் வைத்து எடுக்கிற காட்சிக்கு உங்கள் விமர்சனத்தில் ஒரு சொல்தான் கிடைக்கிறது: "மிரட்டல்", இல்லையென்றால் "ஓவர்".

சரி, விரல் காட்சி.

பால் குளிரூட்டும் நிலையத்தில் ஒரு அடியாளை நாற்காலியில் கட்டிவைத்துத் தங்கை எங்கே என்று கேட்கிறார் நாயகன். கேட்டுக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பின்னால் வளைக்கிறார். பக்கத்தில் காமெடியன் பஸ் கண்டக்டர் மாதிரி எண்ணுகிறார், "ஒண்ணு... சில்லறையா குடுப்பா... ரெண்டு..." தியேட்டர் குலுங்கியது. பயல்கள் சிரித்தார்கள். இரண்டாவது விரலுக்கு நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. நாலாவதில்தான் என் கை தானாகவே இன்னொரு கை விரலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அந்தக் காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. உங்களில் ஐந்து பேர் "ரத்தக்களரி" என்று எச்சரித்தது கிளைமாக்ஸை, குழாய் உடைந்த மாதிரி ரத்தம் பீய்ச்சி அடிக்கிற இடத்தை. அதைப் பார்த்து என் பயல்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. அரிவாள் யாரிடம் இருக்கிறது? அது பொய் என்று எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், "தக்காளி சாஸ் மாஸ்டர்" என்று என் காதிலேயே சொன்னான் ஒருவன். தக்காளி மண்டிக்காரனிடம் சொல்கிறான். ஆனால் விரல் எல்லோரிடமும் இருக்கிறது. வளைப்பதற்கு ஆயுதம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், பக்கத்தில் ஒருவன் சிரித்தால் போதும். நீங்கள் வன்முறையை ரத்தத்தில் அளந்துகொண்டிருந்தீர்கள், லிட்டர் கணக்கில். அதனால்தான் இந்தக் காட்சி உங்கள் அளவையில் விழவே இல்லை. இரண்டு பேர் இதை "ரகளையான காமெடி" என்றுகூடப் பாராட்டியிருந்தார்கள்.

படத்துக்கு யுஏ 16+ சான்றிதழ். 2023இல் சட்டத்தைத் திருத்தி யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்களே, அதில் மேல்படி. அது தடை இல்லை, பெற்றோருக்கு ஒரு குறிப்பு, முடிவு பெற்றோர் கையில். எண்ணைப் பார்த்தேன், ஆனால் எதற்காக 16 என்று எண் சொல்லவில்லை. ரத்தத்துக்காக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள்.

வன்முறையே பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்கிற கட்சி இல்லை நான். எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்தவன் அப்படிச் சொல்லவும் முடியாது. திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் நாள் படுகளம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மண்ணைக் குழைத்து நீளமாகத் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள், ஆள் உயரம் இல்லை, அதைப்போல பல மடங்கு. பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதி கூந்தலில் தடவி முடிவாள். ஆறு வயதில் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஆனால் அதோடு முடிவதில்லை. அப்புறம் காந்தாரி வருவாள், மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். பத்து நிமிடத்துக்கு முன் "அடி அடி" என்று கத்திய அதே சனம் முந்தானையில் கண்ணைத் துடைக்கும். செத்தவன் கெட்டவன்தான், அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்று என் பாட்டி சொன்னாள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்களே, ஒரு தடவை வந்து பாருங்கள். அடித்து ஜெயித்தவனுக்கு இல்லை, அடிபட்டு மண்ணில் விழுந்தவனுக்குத்தான் கல்.

மாடிப்படியில் நடுங்கிய கை அந்த வகை. நாற்காலியில் வளைந்த விரல் வேறு வகை, அதற்குக் காந்தாரி இல்லை, காமெடியன்தான் இருந்தார். ஒரே படத்தில், முக்கால் மணி நேர இடைவெளியில் இரண்டும் இருந்தன. இரண்டையும் "வன்முறை" என்று ஒரே மூட்டையில் கட்டி எடை போட்டுவிட்டீர்கள். மண்டியில் அப்படிச் செய்தால் அழுகல் தக்காளிக்கும் நல்ல தக்காளிக்கும் ஒரே விலை போட்டதாகச் சொல்லி வியாபாரி அடிக்க வருவார்.

தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றதும் எல்லோரும் நெல்லிக்கனியைப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தகடூர் அரசன் அதியமானுக்காகக் காஞ்சி அரசன் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. உங்கள் ஆயுதங்களுக்கு மயில்பீலி கட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது, நெய் பூசிப் பளபளவென்று காவலான மாளிகையில் இருக்கிறது, எங்கள் அரசனுடைய வேலோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். கேட்க தொண்டைமானைப் பாராட்டிய மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது உங்கள் ஆயுதம் போரே பார்க்காதது என்கிற குத்தல். என்னைக் கேட்டால் சண்டை விமர்சனம் என்றால் அதுதான். ஔவையார் மாலையைப் பார்த்துவிட்டு நிற்கவில்லை, நுனி எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கிளைமாக்ஸில் கிராபிக்ஸில் மின்னிய அந்த வாளைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். சாரத்திலிருந்து உருவிய மூங்கிலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

படத்தைத் திட்டக் கூடாது என்று சொல்லவரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 'தி ரெய்டு' படத்துக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் கொடுத்தார். இந்தோனேசியாவின் சிலாட் கலையை வைத்து 2011இல் வந்த படம். ஒரு வெல்ஷ்காரர் இயக்கியது, ஒரு கட்டடத்துக்குள்ளேயே முழுப் படமும் அடிதடி. டொராண்டோ விழாவில் நள்ளிரவுக் காட்சிப் பிரிவில் ரசிகர் விருது வாங்கி, உலகம் பூராவும் கொண்டாடிய படம். ஈபர்ட்டுக்கு மனிதர்களே இல்லாத அடியாகத் தெரிந்தது. நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. அந்தச் சிலாட் அடவுகளை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தவன் நான். ஆனால் அவர் எதைப் பார்த்தார், ஏன் வெறுத்தார் என்று காரணம் சொன்னார். அவரோடு என்னால் மனசுக்குள் சண்டை போட முடிகிறது. "கிரிஞ்ச்" என்று சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? பிடிக்க ஒரு கைகூட நீட்டவில்லையே.

காலமும் மாறும். புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' 1973இல் வந்தது, அவர் செத்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகாத நேரத்தில். தீவு, வில்லன், போட்டி என்று கதை நம் பால் சொசைட்டிக் கதையைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை 2004இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பட்டியலில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்தார்கள். நம் அசட்டுப் படம் அந்த வரிசைக்கு வரும் என்று சொல்லவில்லை, அதற்கெல்லாம் ஆயுசு இல்லை. ஆனால் அதன் மாடிப்படி நாலு நிமிடத்தைப் பத்து வருடம் கழித்து யாராவது தேடுவார்கள். தேடுகிறவருக்கு உங்கள் விமர்சனத்தில் ஒரு வரியாவது கிடைக்க வேண்டாமா?

உங்களை மூன்று நாளைக்கு வாயை மூடச் சொல்லி 2024 கடைசியில் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், இடைக்காலத் தடை தர உயர் நீதிமன்றம் மறுத்தது. தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கோடு விடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ரசிகர்கள் உங்கள் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுகிறார்களே, அந்தப் பக்கம் நிச்சயமாக இல்லை. நிறையப் பேசுங்கள். பார்த்துவிட்டுப் பேசுங்கள், அவ்வளவுதான்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சண்டை அமைத்தவர் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். இசையமைப்பாளர் பெயரைப் பத்துத் தடவை சொல்கிறீர்கள், இதில் என்ன குறைந்துவிடும்? உடம்பு முழுசாகத் தெரிந்ததா, வெட்டி வெட்டி மறைத்தார்களா என்று ஒரு வரி. எந்த அடிக்குத் தியேட்டர் சிரித்தது, எதற்கு அமைதியானது என்று ஒரு வரி. நீங்கள் முதல் நாள் முதல் காட்சியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது உங்களுக்குத்தான் தெரியும். கை, விரல், கழுத்து என்று வீட்டில் செய்துபார்க்கக்கூடியது எதுவும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கதையைக் கெடுக்காமலே சொல்லலாம். சண்டை புரியவில்லையென்றால் புரிந்தவர் யாரையாவது கேளுங்கள். ஊருக்கு ஊர் வாத்தியார்கள் இருக்கிறோம், கேட்டால் சந்தோஷமாகப் பேசுவோம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்கு பஸ் நிறைய உண்டு, முக்கால் மணி நேரம். பத்து நிமிடம் கம்பைக் கையில் கொடுக்கிறேன். அப்புறம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

போன வாரம் விரல் கட்டுப் பிரித்துவிட்டார்கள். இரண்டு பயல்களும் சேர்ந்தே வந்து நின்றார்கள். வளைத்தவன்தான் கேட்டான், "மாஸ்டர், அந்தப் படிக்கட்டுச் சண்டையைச் சொல்லிக்குடுங்க." மைதானத்து ஓரத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிப் படியில் நிறுத்தினேன். அவனைக் கீழ்ப்படியில், மற்றவர்களை மேலே. கம்பை நடுவில் பிடிக்கச் சொன்னேன். இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாஸ்டர், அவரு கொல்லக் கூடாதுன்னு கால்ல அடிக்கலை. கீழ நிக்கறாரு. எதிர்ல கால்தான் இருக்குது."

நானும் அவன் நின்ற படியில் இறங்கி நின்று பார்த்தேன். ஆமாம், கால்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு சிலம்ப வாத்தியார்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.